எஸ்இலினக்ஸ் மேன் பக்கங்கள்: "இப்போதே நடக்குமா, நாளைக்கும் நிற்குமா" என்பதை எங்கே எழுதுவது?

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். ஒரு சர்வர் விழுந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். எஸ்இலினக்ஸ் (ஃபைலிலும் நிரலிலும் உள்ள லேபிளைப் பார்த்து எது எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கும் லினக்ஸ் பாதுகாப்பு அமைப்பு) கமாண்டுகளின் மேன் பக்கங்கள் (டெர்மினலிலேயே திறக்கும் கையேடு) பற்றிய கேள்வி கடைசியில் வரும்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஃபெடோரா குடும்பத்து சர்வர் ஒன்றில் சின்ன இணையதளம் ஓடுகிறது. ஃபைல்களை வழக்கமான இடத்தில் வைக்காமல், ரூட்டுக்கு நேர் கீழே புதிதாக ஓர் அடைவு உருவாக்கி அதில் வைத்திருந்தோம். வெப் சர்வரான அப்பாச்சி 403 (அனுமதி இல்லை) காட்டியது. ஃபைல் அனுமதிகள் சரி, உரிமையாளர் சரி. ஆடிட் லாகைப் பார்த்தால் தடுத்தது எஸ்இலினக்ஸ். புது அடைவுக்கு 'டீஃபால்ட்_டி' என்ற லேபிள் விழுந்திருந்தது, வெப் சர்வருக்கு அதைப் படிக்க அனுமதி இல்லை. தேடிப் பார்த்து சிஎச்கான் கமாண்டால் லேபிளை மாற்றினேன். தளம் வந்துவிட்டது. சந்தேகத்துக்கு ஒருமுறை ரீபூட்டும் செய்து பார்த்தேன், அப்போதும் நின்றது. அப்புறம் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்று மாதம் கழித்து, கூட வேலை பார்ப்பவர் பேக்கப்பிலிருந்து சில ஃபைல்களை மீட்டார். லேபிள்கள் குழம்பியிருக்கும் என்று முன்ஜாக்கிரதையாக ரூட்டில் 'ஆட்டோரீலேபிள்' ஃபைலை வைத்து ரீபூட் செய்தார். அது இருந்தால் பூட் ஆகும்போது ஃபைல்களின் லேபிள்கள் பதிவேட்டில் உள்ளபடி மறுபடி போடப்படும், அதுதான் ரீலேபிள். அவர் செய்தது முறையான வேலை. ஆனால் அந்த ரீலேபிள் என் சிஎச்கான் மாற்றத்தைத் துடைத்துவிட்டு அடைவை மறுபடியும் டீஃபால்ட்_டி ஆக்கிவிட்டது. இரவு ஒரு மணிக்குப் போன். மூன்று மாதத்துக்கு முன் நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

மறுநாள் உட்கார்ந்து மேன் பக்கங்களைப் படித்தேன். சிஎச்கான் பக்கம் "ஃபைலின் பாதுகாப்புச் சூழலை மாற்றும்" என்கிறது. மாற்றம் எதுவரை நிற்கும் என்று ஒரு வரி இல்லை. நான் செய்திருக்க வேண்டிய முறை செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட். அதன் பக்கத்தைத் திறந்தால் விளக்கத்தில் 'டீஃபால்ட் லேபிளிங்கை நிர்வகிக்கும்' என்று வருகிறது. இந்தக் கமாண்ட் பதிவேட்டை மட்டும் மாற்றும், டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் ஃபைலைத் தொடாது என்ற முழு உண்மையும் 'டீஃபால்ட்' என்ற அந்த ஒரே சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன்பின், பதிவேட்டில் உள்ள லேபிளை ஃபைல்களில் போடும் ரிஸ்டோர்கான் கமாண்டை ஓட்ட வேண்டும் என்ற நினைவூட்டல் இருக்கிறது. ஆனால் ஆப்ஷன்கள் எல்லாம் முடிந்தபிறகு, கீழே எடுத்துக்காட்டுப் பகுதியில்.

என் யோசனை இதுதான். பாலிசியை (எஸ்இலினக்ஸின் விதிகளை) மாற்றும் ஒவ்வொரு கமாண்டின் மேன் பக்கத்திலும், விளக்கத்தின் முதல் பத்தியிலேயே இரண்டு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: இது இப்போதே நடக்குமா? நாளைக்கும் நிற்குமா?

சிஎச்கான்: இப்போதே நடக்கும், ரீபூட்டுக்குப் பின்னும் நிற்கும், ரீலேபிள் வந்தால் போய்விடும். செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்: பதிவு நிரந்தரம், ஆனால் இருக்கும் ஃபைல்களில் இப்போது ஒன்றும் நடக்காது. செட்என்ஃபோர்ஸ் (எஸ்இலினக்ஸ் தடுப்பதை நிறுத்தவோ தொடங்கவோ): இப்போதே, ஆனால் ரீபூட் வரை மட்டும். செமேனேஜ் போர்ட் (போர்ட் எண்ணுக்கு லேபிள் கொடுக்க): இப்போதே, நிரந்தரமும் கூட. ஒரே குடும்பத்துக் கமாண்டுகள் நான்கும் நான்கு விதம். புதிதாக வருபவர் இதை எங்கிருந்து ஊகிப்பார்?

இதற்கு பேட்ச் (திருத்தம்) எழுதி அனுப்பலாம் என்று இருக்கிறேன். இது சரியான இடம்தானா, யாருக்கு அனுப்புவது, உங்களுக்கு எங்கே இடறியது, சொல்லுங்கள்.

---

பாலிடெக்னிக்_வாத்தியார் எழுதியது:

தம்பி, எட்டு வருடமாக லினக்ஸ் நிர்வாகம் சொல்லிக் கொடுக்கிறேன். எஸ்இலினக்ஸ் பாடத்தில் மாணவர்கள் விழும் இடம் நீங்கள் சொன்ன அதே இடம்தான்.

நான் வகுப்பில் குடோன் கணக்கைச் சொல்லிப் புரிய வைப்பேன். ஒவ்வொரு மூட்டையிலும் சாக்பீஸால் ஒரு குறி. அலுவலகத்தில் ஒரு பேரேடு, எந்த வரிசையில் இருக்கும் மூட்டைக்கு எந்தக் குறி என்று அதில் இருக்கும். சிஎச்கான் என்பது மூட்டையில் இருக்கும் குறியை அழித்து வேறு குறி போடுவது. பேரேட்டில் பழையதுதான் இருக்கும். செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் என்பது பேரேட்டைத் திருத்துவது. மூட்டையில் குறி மாறாது. ரிஸ்டோர்கான் என்பவர் பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாகப் போய், பேரேட்டில் இருப்பதைப் போட்டுவிட்டு வரும் கணக்கர். இதைச் சொன்னதும் பையன்கள், "அப்படியானால் கணக்கர் வந்தால் சிஎச்கான் போட்ட குறி போயிடுமே சார்" என்று தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மேன் பக்கத்தில் குடோன் கதை வேண்டாம். ஆனால் பேரேடு வேறு, குறி வேறு என்ற ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் பக்கத்தில் வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (பல பாதைகளை ஒரே கோவையில் குறிக்கும் முறை). எடுத்துக்காட்டில் பாதைக்குப் பின்னால் அடைப்புக்குறி, சாய்கோடு, புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி என்று ஒரு வால் வரும். அதற்கு அர்த்தம் "இந்த அடைவும், இதற்குள் இருக்கும் எல்லாமும்". எங்கும் அப்படிச் சொல்லியிருப்பதை நான் பார்க்கவில்லை. பாதி மாணவர்கள் வாலை விட்டுவிட்டு அடைவை மட்டும் கொடுக்கிறார்கள், உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. மீதிப் பேரில் சிலர் மேற்கோள்குறி இல்லாமல் தட்டுகிறார்கள். கமாண்டுகளைப் படிக்கும் ஷெல்லான பாஷ் அடைப்புக்குறியைப் பார்த்து சின்டாக்ஸ் எரர் கொடுக்கிறது. அவர்கள் அதை எஸ்இலினக்ஸ் எரர் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள்.

இரண்டு, எம்வியும் சிபியும். வீட்டு அடைவில் செய்த ஃபைலை எம்வி மூலம் வெப் அடைவுக்கு நகர்த்தினால் 'யூசர்_ஹோம்_டி' லேபிளும் கூடவே போகும். சிபி மூலம் நகலெடுத்தால் போய்ச்சேரும் இடத்தின் லேபிளை எடுத்துக்கொள்ளும். இரண்டு மாணவர் ஒரே பயிற்சியைச் செய்வார்கள், ஒருவனுக்குப் பக்கம் வரும், இன்னொருவனுக்கு 403. எம்வி பக்கத்தைப் படித்தால் இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

---

பழைய_டெர்மினல் எழுதியது:

இரவுப்பணி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

மேன் பக்கம் என்பது 1971 நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலிருந்தே குறிப்புப் புத்தகம். கமாண்டின் பெயர், எப்படித் தட்டுவது, என்ன செய்யும், தெரிந்த குறைகள், அவ்வளவுதான். ஆப்ஷனை மறந்தவர் பத்து விநாடியில் பார்த்துவிட்டுப் போகத்தான் அது. அதில் பாடம் நடத்த ஆரம்பித்தால் தெரிந்தவருக்குத் தேடுவது கஷ்டம், தெரியாதவருக்கும் அது பாடமாக அமையாது. பாடம் வேறு, வழிகாட்டி வேறு, குறிப்பு வேறு, விளக்கம் வேறு. நான்கையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறக்கூடாது.

இன்னொன்று. சிஎச்கான் செய்வதாகச் சொன்னதைச் செய்தது. அழித்தது ரீலேபிள். ஒரு கமாண்டின் பக்கத்தில் இன்னொரு திட்டத்தின் கதையை ஏன் எழுத வேண்டும்? உங்களுக்குத் தேவை எஸ்இலினக்ஸுக்கான நல்ல தொடக்கப் பக்கம். எட்டாம் பிரிவில் 'எஸ்இலினக்ஸ்' என்றே ஒரு மேன் பக்கம் இருக்கிறது. அதை வளர்த்து எழுதுங்கள், நான் கூட இருக்கிறேன்.

---

இரவுப்பணி எழுதியது:

அண்ணா, பாடம் வேறு, குறிப்பு வேறு என்பதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மாற்றம் எவ்வளவு நாள் நிற்கும்" என்பது பாடமா? ஒரு கமாண்ட் என்ன செய்யும் என்பதன் பாதி அதுதானே.

இதே குடும்பத்தில், பாலிசியின் ஆன்/ஆஃப் சுவிட்சுகளை மாற்றும் செட்எஸ்இபூல் பக்கத்தைப் பாருங்கள். பெரிய எழுத்து 'பி' ஆப்ஷன் கொடுக்காவிட்டால் தற்போதைய மதிப்பு மட்டும் மாறும், பூட் ஆகும்போது எடுத்துக்கொள்ளும் மதிப்பு மாறாது. கொடுத்தால் டிஸ்க்கில் எழுதப்படும், ரீபூட்டுக்குப் பின்னும் நிற்கும். விளக்கத்திலேயே இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். அதைப் படித்த யாரும் அது பாடப்புத்தகம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரிந்து செட்எஸ்இபூல் விஷயத்தில் குழம்பியவர்கள் குறைவு. நான் கேட்பது அந்த மூன்று வாக்கியத்தை மற்ற பக்கங்களுக்கும்.

இரவு ஒரு மணிக்கு சர்வர் விழுந்திருக்கும்போது யாரும் தொடக்கப் பக்கத்தைத் திறப்பதில்லை அண்ணா. கையில் இருக்கும் கமாண்டின் பக்கத்தைத்தான் திறப்பார்கள்.

---

உபுண்டுவாசி எழுதியது:

நான் எஸ்இலினக்ஸ் பக்கமே வருவதில்லை, உபுண்டுவில் அதே போன்ற வேலையைச் செய்யும் ஆப்ஆர்மர்தான். ஆனாலும் இந்த இழையைப் படிக்கும்போது என் அனுபவத்தைப் படிப்பது போலவே இருந்தது.

ஆப்ஆர்மரில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு புரொஃபைல் ஃபைல். லேபிள் கிடையாது, ஃபைலின் பாதையை வைத்தே விதி எழுதலாம். படிப்பதற்கு எளிது. புதிதாக எழுதியபோது ஒரு வரி சேர்த்தேன், சேமித்தேன், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். பழையபடியே தடுத்தது. இன்னொரு வரி சேர்த்தேன், அதுவும் வேலைக்கு ஆகவில்லை. ஒரு மாலை முழுக்க விதிகளைத் தளர்த்திக்கொண்டே போனேன். கடைசியில் தெரிந்தது, புரொஃபைலை ஆப்ஆர்மர்_பார்சர் கொண்டு கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்) மறுபடி ஏற்றினால்தான் மாற்றம் செல்லும். ஃபைலில் இருப்பது ஒன்று, கர்னலில் இருப்பது வேறொன்று. வாத்தியார் சொன்ன பேரேடும் மூட்டையும் இங்கேயும் இருக்கிறது. அதைவிட மோசம், அந்த மாலையில் நான் தேவையில்லாமல் சேர்த்த தளர்வான வரிகள் எல்லாம் ஏற்றியவுடன் ஒன்றாக உள்ளே போய்விட்டன. ஆவணக் குறை பாதுகாப்புக் குறையாக மாறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஃபயர்வால் கருவியான ஃபயர்வால்டியில் இதே கதை தலைகீழாக இருக்கும். அதன் கமாண்டான ஃபயர்வால் சிஎம்டியில் 'பெர்மனென்ட்' இல்லாமல் போர்ட்டைத் திறந்தால் உடனே திறக்கும், ரீலோடு ஆனாலோ ரீபூட் ஆனாலோ மூடிக்கொள்ளும். 'பெர்மனென்ட்' போட்டால் பதிவாகும், ரீலோடு செய்யும்வரை திறக்காது. இன்னொரு ஃபயர்வால் கருவியான என்எஃப்டியில், டெர்மினலில் தட்டிய விதிகளை ஃபைலில் சேமிக்காவிட்டால் ரீபூட்டில் காணாமல் போகும். அதனால் இரவுப்பணி கேட்கும் இரண்டு கேள்விகள் எஸ்இலினக்ஸுக்கு மட்டும் உரியவை அல்ல. பாலிசிக் கருவி எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டியவை.

ஆப்ஆர்மரைப் பாராட்ட ஒன்று சொல்ல வேண்டும். அதன் ஏஏ லாக்புரோஃப் கருவி லாகைப் படித்து, "இந்த நிரல் இந்த ஃபைலைக் கேட்டது, அனுமதிக்கவா, மறுக்கவா, பாதையைப் பொதுவாக்கவா" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். கருவியே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது போல இருக்கும்.

---

கற்றுக்கொள்பவள் எழுதியது:

எல்லோரும் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கல்லூரி இறுதியாண்டு. ஒரு சந்தேகம், இழைக்குப் பொருந்துமா தெரியவில்லை.

எல்லா வழிகாட்டியிலும் "முதலில் ஏயூசர்ச் போட்டு ஏவிசி செய்திகளைப் பாருங்கள்" என்கிறார்கள். ஏயூசர்ச் ஆடிட் லாகில் தேடும் கமாண்ட், ஏவிசி என்பது எஸ்இலினக்ஸ் மறுப்பின் பதிவு. 'டிஎஸ் ரீசன்ட்' (அண்மையில் நடந்தவை) என்று கொடுத்துப் பார்த்தால் எனக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வராது, "பொருத்தம் இல்லை" என்று முடிந்துவிடும். ஆனால் நிரல் உண்மையிலேயே தடுக்கப்படுகிறது. செட்என்ஃபோர்ஸ் 0 போட்டால் வேலை செய்கிறது. அதனால் தடுப்பது எஸ்இலினக்ஸ்தான் என்று தெரியும், லாகில்தான் வருவதில்லை. நான் என்ன தவறு செய்கிறேன்?

---

பாலிசி_பொட்டலம் எழுதியது:

தங்கச்சி, இழைக்கு நன்றாகவே பொருந்தும். நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, 'ரீசன்ட்' என்றால் கடைசிப் பத்து நிமிடம். ஏயூசர்ச் மேன் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் நேரத்தைக் குறிக்கும் சொற்களின் பட்டியலுக்குள்ளே. நிரல் மறுக்கப்பட்டது, கொஞ்சம் தேடினீர்கள், டீ குடித்துவிட்டு வந்தீர்கள், அதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. 'டுடே' கொடுத்துப் பாருங்கள், வரும்.

அப்படியும் வராவிட்டால் இரண்டாவது காரணம். பாலிசியில் 'டோன்ட்ஆடிட்' என்று ஒரு வகை விதி உண்டு. நிரல்கள் தேவையில்லாமல் கேட்டு, மறுத்தாலும் பாதிப்பில்லாத விஷயங்கள் லாகை நிரப்பிவிடக் கூடாது என்று, மறுப்பைப் பதியாமல் விடச் சொல்லும் விதி அது. சில நேரம் உண்மையான பிரச்சினையும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். பாலிசியைக் கையாளும் செமாட்யூல் கமாண்டைப் பெரிய எழுத்து 'டிபி' ஆப்ஷனுடன் ஓட்டினால் அந்த விதிகள் விலகும், எல்லா மறுப்பும் லாகில் வரும். பார்த்துமுடித்த பின் வெறும் பெரிய 'பி' போட்டு பழைய நிலைக்குத் திருப்ப மறக்காதீர்கள். இங்கேயும் அதே கேள்வி: 'டிபி' தானாகத் திரும்பாது, நீங்கள் திருப்பும்வரை அப்படியே நிற்கும்.

இரவுப்பணிக்கு: நான் ஒரு டிஸ்ட்ரிபியூஷனில் பாலிசி பேக்கேஜ் வேலையில் உதவுகிறேன். உங்கள் வரிகளில் ஒரு திருத்தம். "ரீலேபிள் வந்தால் சிஎச்கான் மாற்றம் போய்விடும்" என்பது பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. 'கஸ்டமைசபிள் டைப்ஸ்' என்ற பட்டியல் ஒன்று இருக்கிறது. மெய்நிகர் இயந்திரங்களின் இமேஜ் ஃபைல்களுக்கான 'எஸ்விர்ட்_இமேஜ்_டி' போன்றவை அதில் உண்டு. அந்த வகை லேபிள் இருந்தால் ரிஸ்டோர்கான் அதைத் தொடாமல் போகும். பெரிய எழுத்து 'எஃப்' கொடுத்துக் கட்டாயப்படுத்தினால்தான் மாற்றும். மேன் பக்கத்தில் "போய்விடும்" என்று உறுதியாக எழுதினால் பரிசீலிப்பவர் இதைக் காட்டித் திருப்பி அனுப்புவார். "போய்விடக்கூடும், நிற்கும் என்று நம்பாதீர்கள்" என்று எழுதுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதுதான் நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கல். நீங்கள் ஒரே கருவி என்று நினைப்பது நான்கு வீடு, அதாவது நான்கு தனித் திட்டங்கள். சிஎச்கானும் லேபிள் காட்டும் எல்எஸ்ஸும் குனு கோர்யூட்டில்ஸ். ஏயூசர்ச் லினக்ஸ் ஆடிட் திட்டம். பாலிசிக்குள் தேடும் எஸ்இசர்ச், எஸ்இஇன்ஃபோ இரண்டும் செட்டூல்ஸ். செமேனேஜ், ரிஸ்டோர்கான், செட்எஸ்இபூல், செட்என்ஃபோர்ஸ் எல்லாம் எஸ்இலினக்ஸ் திட்டம். மறுப்பைப் பார்த்து, காரணம் கண்டு, சரி செய்வது பயனருக்கு ஒரே பயணம். அந்தப் பயணம் முழுவதற்கும் பொறுப்பாக ஆள் யாரும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் தன் வாசல்வரைதான் பெருக்குகிறார்கள். பழைய_டெர்மினல் "இன்னொரு திட்டத்தின் கதையை ஏன் எழுத வேண்டும்" என்று கேட்டாரே, குறை பிறக்கும் இடம் அதுதான்.

நடைமுறை: எஸ்இலினக்ஸ் திட்டத்துக்கு பேட்ச் மின்னஞ்சல் பட்டியலில் போக வேண்டும், இதை அனுப்ப உரிமை உண்டு என்று பெயரிட்டு உறுதி சொல்லும் உங்கள் 'சைன்ட் ஆஃப் பை' வரியுடன். மேன் பக்கங்கள் ராஃப் (மேன் பக்கம் எழுதும் குறிமொழி) வடிவத்தில் நேரடியாக இருக்கின்றன, திருத்துவது சுலபம். கோர்யூட்டில்ஸில் அப்படி இல்லை. அங்கே மேன் பக்கம் ஹெல்ப்2மேன் என்ற கருவி மூலம், கமாண்டின் உதவிச் செய்தியிலிருந்து உருவாகிறது. அதனுடன் ஒரு சின்ன துணை ஃபைல் சேரும். நீங்கள் திருத்த வேண்டியது அந்தத் துணை ஃபைல் அல்லது சி நிரலுக்குள் இருக்கும் உதவிச் செய்தி. முழுக் கையேடு டெக்ஸ்இன்ஃபோ என்ற வேறு ஆவண வடிவத்தில் தனியாக இருக்கிறது. முதலில் எஸ்இலினக்ஸ் திட்டத்தில் ஆரம்பியுங்கள்.

---

கற்றுக்கொள்பவள் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. 'டுடே' போட்டேன், உடனே வந்தது. பத்து நிமிடம்தான் காரணம். இந்த ஒரு வரிக்காக இரண்டு வாரம் எஸ்இலினக்ஸை அணைத்து வைத்திருந்தேன்.

---

பழைய_டெர்மினல் எழுதியது:

அந்தப் பெண்ணின் இரண்டு வாரம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. அணைத்து வைத்ததற்கு அவர் காரணம் அல்ல, நாங்கள் எழுதி வைத்திருக்கும் முறை காரணம். மூன்று வாக்கியம் என்ற அளவில் இரவுப்பணி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அளவு தாண்டக்கூடாது என்பதில் உறுதியாக இருப்பேன்.

ஒரு நல்ல உதாரணமும் சொல்கிறேன். ஃபெடோரா, ரெட் ஹேட் சர்வர்களில் எஸ்எஸ்எச்டி (தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் சர்வர் நிரல்) கான்ஃபிக் ஃபைலைத் திறந்து போர்ட் வரியைப் பாருங்கள். அதற்கு மேலேயே ஒரு குறிப்பு இருக்கும்: எஸ்இலினக்ஸ் உள்ள கணினியில் போர்ட்டை மாற்றினால் அதை எஸ்இலினக்ஸுக்கும் சொல்ல வேண்டும் என்று. கீழேயே செமேனேஜ் போர்ட் கமாண்ட் முழுசாக, போர்ட் எண்ணை மட்டும் நிரப்பும்படி. போர்ட்டை மாற்ற வந்தவரின் கண் எந்த வரியில் இருக்குமோ அந்த வரிக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்த எஸ்இலினக்ஸ் ஆவணங்களிலேயே சிறந்தது அந்தச் சில வரிகள்தான். மேன் பக்கத்தைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

அப்பாச்சியின் கான்ஃபிக்கில், தளத்தின் ஃபைல்கள் இருக்கும் அடைவைச் சொல்லும் டாக்குமென்ட் ரூட் வரிக்கு மேலும் இப்படி ஒன்று இருந்திருந்தால் இரவுப்பணிக்கு அந்தப் போன் வந்திருக்காது.

---

பாலிடெக்னிக்_வாத்தியார் எழுதியது:

போர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 8080 போர்ட்டை வெப் சர்வருக்குச் சேர்க்கச் சொன்னால், "ஏற்கெனவே வரையறுக்கப்பட்டது" என்று செமேனேஜ் எரர் கொடுக்கும். மாணவர்கள், "ஏற்கெனவே இருக்கிறதாம் சார், அப்போ சரிதானே" என்று விட்டுவிடுவார்கள். இருப்பது கேஷ் சர்வர்களுக்கான 'ஹெச்டிடிபி_கேஷ்_போர்ட்_டி' வகையில். எந்த வகையில் இருக்கிறது என்பதை எரர் சொல்லாது. சேர்க்கும் ஆப்ஷனுக்குப் பதில் மாற்றும் ஆப்ஷனைப் போட வேண்டும் என்பதையும் சொல்லாது. புதிய பதிப்புகளில் எரர் கொடுக்காமல், இருக்கும் பதிவை மாற்றிக்கொள்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் இணையத்தில் இருக்கும் பழைய பதில்கள் எல்லாம் பழைய நடத்தையையே சொல்கின்றன. பையன்களின் ஆய்வகக் கணினியில் ஒரு பதிப்பு, வீட்டில் ஒரு பதிப்பு.

எரர் செய்தியும் ஆவணம்தான். ஆட்கள் உண்மையாகப் படிக்கும் ஒரே ஆவணமும் பல நேரம் அதுதான்.

---

சொல்வயல் எழுதியது:

நான் தொழில்நுட்ப மொழிபெயர்ப்பில் பல காலமாக இருப்பவள். தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

எஸ்இலினக்ஸ் கருவிகளின் செய்திகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு ஏற்கெனவே உண்டு. நானும் ஒருகாலத்தில் எல்லாச் செய்தியையும் தமிழாக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவள்தான். இப்போது கருத்து மாறியிருக்கிறது. தமிழில் வந்த எரரை இணையத்தில் தேடினால் பதில் கிடைப்பதில்லை. செய்திகளின் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மாறியை 'சி' என்று வைத்துக் கமாண்டை மறுபடி ஓட்டினால் ஆங்கிலச் செய்தி கிடைக்கும், அதைத் தேடலாம். இந்த வழி தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுகிறார். லாகில் வரும் ஏவிசி வரியோ கர்னலிலிருந்து வருவது, அது எந்த மொழியிலும் மாறாது. ஆகவே தமிழில் எழுதுபவர்கள் அந்த வரியை அப்படியே போட்டு, அதன் ஒவ்வொரு துண்டும் என்ன என்று கீழே தமிழில் விளக்க வேண்டும். எந்த நிரல் கேட்டது, எதைச் செய்யக் கேட்டது, கேட்டவரின் லேபிள் எது, கேட்கப்பட்ட பொருளின் லேபிள் எது. கடைசியில் வரும் 'பெர்மிசிவ்' 0 என்றால் உண்மையிலேயே தடுத்தது, 1 என்றால் பதிவு மட்டும் செய்து விட்டுவிட்டது. இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

சொற்கள் பற்றி: 'கான்டெக்ஸ்ட்' என்பதைச் 'சூழல்' என்று எழுதும் வழக்கம் படிப்பவரைத் திசைதிருப்புகிறது. சூழல் என்றால் சுற்றியிருப்பது. இங்கே அது பொருளின் மேல் ஒட்டியிருக்கும் ஒன்று. வாத்தியார் சொன்ன 'குறி' எனக்குப் பிடித்திருக்கிறது. 'லேபிள்' என்றே எழுதினாலும் யாருக்கும் புரியாமல் போகாது.

மறுப்புகளிலிருந்து அனுமதி விதிகளை உருவாக்கும் ஆடிட்2அலவ் பற்றியும் யாராவது எழுத வேண்டும். மறுப்புகளை அதற்குள் ஊற்றி, வரும் மாட்யூலை ஏற்றிவிடுங்கள் என்று சொல்லும் பதிவுகள் தமிழிலும் பெருகிவிட்டன. அதன் மேன் பக்கமே, அனுமதிக்கப்படுபவை ஆபத்தானவையா என்று கவனித்துச் செய்யச் சொல்கிறது. இரவுப்பணியின் நிலையில் ஒருவர் அதை ஓட்டியிருந்தால், டீஃபால்ட்_டி லேபிள் உள்ள எதையும் வெப் சர்வர் படிக்கலாம் என்று பாலிசியே விரிந்திருக்கும். லேபிள் ஒன்றைத் திருத்த வேண்டிய இடத்தில் சட்டத்தையே திருத்துவது அது.

---

இரவுப்பணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதையே யோசித்து, செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் பக்கத்துக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் அனுப்பப் போவதன் தமிழ் வடிவம் இது:

"இந்தக் கமாண்ட், ஒரு பாதைக்கு எந்த லேபிள் இருக்க வேண்டும் என்ற பதிவை மட்டும் மாற்றும். பதிவு நிரந்தரமானது. டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களின் லேபிள் இதனால் மாறாது. அவற்றுக்கும் செல்ல ரிஸ்டோர்கான் ஓட்டவும். சிஎச்கான் இதற்கு நேர்மாறானது: ஃபைலின் லேபிளை உடனே மாற்றும், பதிவை மாற்றாது. ஆகவே பின்னர் வரும் ரீலேபிளில் அந்த மாற்றம் நீங்கிவிடக்கூடும்."

எடுத்துக்காட்டில், வால் பகுதிக்கு முன்னால் ஒரு வரி: "கடைசியில் உள்ள கோவை, அடைவையும் அதற்குள் உள்ள எல்லாவற்றையும் குறிக்கும். ஷெல் தவறாகப் புரிந்துகொள்ளாதபடி மேற்கோள்குறிக்குள் எழுதவும்."

அண்ணா, மூன்று வாக்கியத்தைத் தாண்டிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

---

பழைய_டெர்மினல் எழுதியது:

தாண்டினால் பரவாயில்லை தம்பி, எதையும் வெட்டத் தோன்றவில்லை. ஒன்று மட்டும்: "பதிவு நிரந்தரமானது" என்பதை "நீக்கும்வரை இருக்கும்" என்று மாற்றுங்கள். நிரந்தரம் என்றால் எப்படி நீக்குவது என்ற கேள்வி வரும். அப்படியே, உள்ளூரில் சேர்த்த பதிவுகளை மட்டும் காட்டப் பெரிய எழுத்து 'சி' ஆப்ஷன் இருப்பதைப் பக்கத்திலேயே சொல்லுங்கள். அது இல்லாமல் பட்டியலிட்டால் ஆயிரக்கணக்கில் வரி ஓடும், மூன்று மாதத்துக்கு முன் சேர்த்த ஒன்றை அதில் யார் தேடுவது?

---

கற்றுக்கொள்பவள் எழுதியது:

அண்ணா எழுதியதை வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் குறைந்தபட்ச நிறுவல் செய்து, ஒன்றும் தெரியாதவள் போல வரிசையாகச் செய்து பார்த்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "செமேனேஜ்: கமாண்ட் கிடைக்கவில்லை." மேன் பக்கமும் வரவில்லை. சிஎச்கான் மட்டும் இருக்கிறது. தேடினால் செமேனேஜ் 'பாலிசிகோர்யூட்டில்ஸ் பைத்தான் யூட்டில்ஸ்' என்ற தனிப் பேக்கேஜில் இருக்கிறது. நிறுவிய பின் மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடியே நடந்தது. வாலை விட்டும் பார்த்தேன், மேற்கோள்குறி இல்லாமலும் பார்த்தேன். இரண்டு இடத்திலும் உங்கள் வரிதான் என்னைக் காப்பாற்றியது.

வெப் சர்வருக்கென்று இருக்கும் தனி எஸ்இலினக்ஸ் மேன் பக்கமும் இல்லை. அது 'எஸ்இலினக்ஸ் பாலிசி டாக்' என்ற பேக்கேஜில்.

---

பாலிசி_பொட்டலம் எழுதியது:

இது நாங்கள் கவனிக்காமல் விட்டது. தவறான வழி எல்லாக் கணினியிலும் தயாராக இருக்கிறது, சரியான வழியைத் தேடிப்பிடித்து நிறுவ வேண்டியிருக்கிறது. அப்படியானால் செமேனேஜ் பக்கத்தில் எவ்வளவு நன்றாக எழுதினாலும், சிஎச்கான் பக்கத்தில் ஒரு சுட்டு இல்லாவிட்டால் பயன் பாதிதான். ரிஸ்டோர்கான் பக்கம் அடிப்படை நிறுவலிலேயே வரும் பேக்கேஜில் இருக்கிறது. அதில் "பதிவை மாற்ற செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் பார்க்கவும், அது தனிப் பேக்கேஜில் இருக்கலாம்" என்று சேர்ப்போம். பேக்கேஜ் பெயர் டிஸ்ட்ரிபியூஷனுக்கு டிஸ்ட்ரிபியூஷன் மாறும், பெயர் குறிப்பிட வேண்டாம்.

---

இரவுப்பணி எழுதியது:

அப்படியானால் மூன்று பேட்ச். எஃப்கான்டெக்ஸ்ட் பக்கம், ரிஸ்டோர்கான் பக்கம் இரண்டையும் இந்த ஞாயிறு எஸ்இலினக்ஸ் பட்டியலுக்கு அனுப்புகிறேன். பாலிசி_பொட்டலம் அண்ணா, அனுப்பும் முன் ராஃப் வடிவத்தை ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். சிஎச்கானுக்குப் பழைய_டெர்மினல் அண்ணா எழுதினால் நன்றாக இருக்கும், அதில் ஒரே வாக்கியம்தான் இடம் பிடிக்கும் என்று நினைக்கிறேன், சுருக்கமாக எழுத உங்களைவிட யாரும் இல்லை.

தங்கச்சி, நீங்கள் அந்த மெய்நிகர் இயந்திரத்தை அழிக்காமல் வைத்திருங்கள். பரிசீலனையில் ஒவ்வொரு சொல் மாறும்போதும் மறுபடி ஒருமுறை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

---

கற்றுக்கொள்பவள் எழுதியது:

ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டேன் அண்ணா. செமேனேஜ் இல்லாத நிலையில் ஒன்று, நிறுவிய பின் ஒன்று.